சீனத்துச் செருப்பும் அக்காவின் காதும்

அந்தச் செருப்பைக் கையில் வாங்கிய எங்கள் சபைப் பெண்கள் அத்தனை பேரும் அதைக் கைக்குழந்தையின் செருப்பு என்றுதான் நினைத்தார்கள். சிவப்புப் பட்டில் பூவேலை செய்து, முனை கூராக, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் இருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி, மடியில் கிடந்த தன் பிள்ளையின் காலில் அதை மாட்டியே பார்த்துவிட்டாள். "கொள்ளாமே, நல்லா இருக்கே, அளவெடுத்துத் தச்சது மாதிரி இருக்கு" என்று எல்லாருக்கும் காட்டினாள். வளர்ந்த பெண் ஒருத்தி, பேரப்பிள்ளை எடுத்த பிறகும் போட்டு நடந்த செருப்பு அது என்று டாக்டரம்மா சொன்னதும், அவசரமாக உருவி அடுத்தவள் கையில் திணித்தாள்.

டாக்டரம்மா வெள்ளைக்காரி. சீன தேசத்தில் மிஷன் ஆஸ்பத்திரியில் வெகுகாலம் வேலை பார்த்தவர். அங்கே ஆட்சி மாறி வெளிநாட்டு மிஷனரிகளை எல்லாம் அனுப்பிவிட்டபோது, அவரை எங்கள் தெற்குப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருந்தார்கள். வேதாகமத்தை வைத்துத்தான் தமிழ் படித்தார். அதனால் சாதாரணப் பேச்சே பிரசங்கம்போல இருக்கும். "ஸ்திரீகளே, செவிகொடுங்கள்" என்று அவர் ஆரம்பித்தால் பின்வரிசையில் நாங்கள் வாயைப் பொத்திக்கொள்வோம். அன்று மட்டும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அவர் சொன்னார். சீனத்தில் பெண்பிள்ளைக்கு ஐந்து ஆறு வயதாகும்போது, பெற்ற தாயே அதன் பாதத்தைக் கட்டுவாள். பெருவிரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற விரல்களை உள்ளங்காலுக்கு அடியில் மடக்கி, நீண்ட துணியால் இறுக்கிச் சுற்றுவாள். துணியை அவிழ்த்துக் கழுவி, முன்பைவிட இறுக்கிக் கட்டுவாள். விரல் எலும்பு முறியும். பாதத்தின் நடு வளைந்து முன்பாதம் குதிகாலைத் தொடப் போகும். சில பிள்ளைகளுக்கு விரல் அழுகி விழுந்துவிடும். சில பிள்ளைகள் அந்தக் காய்ச்சலிலேயே செத்துப்போகும். அழுகிற பிள்ளையிடம் தாய் சொல்வது ஒன்றுதான்: பெரிய காலோடு போனால் உன்னை எவன் கட்டுவான்? பல நூறு வருஷம் இது நடந்தது. ராஜா தடை போட்டும் நிற்கவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் முகத்தைக் கேட்கமாட்டார்களாம், செருப்பைக் கேட்பார்களாம்.

"அய்யோ, காலை ஒடிச்சுப் போட்டா கெணத்துல வெள்ளம் கோர ஆரு போவா?" என்று கேட்டது எங்கள் அம்மை. சபையில் யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் கேள்வி கேட்கிற ஒரே பெண் அவள்தான். "பெத்தவளுக்கு மனசு எங்ஙனே வரும்? கல்லாக்கும் அவளுக."

சொல்லிவிட்டுத் தலையை ஆட்டினாள். அவள் காதில் தொங்கிய பாம்படங்கள் இரண்டும் ஆடித் தோளில் இடித்துக்கொண்டன. டாக்டரம்மா அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே அம்மையின் பக்கம் வந்து, தன் சொந்தக் காதுமடலைப் பிடித்துத் தோள்வரை இழுப்பதுபோல் காட்டினார். "இதற்கு எப்படி வந்தது மனசு?" என்று கேட்டார்.

ஆலயத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் அம்மையைப்போலக் காது வடித்தவர்கள். அம்மை எழுந்து முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "எங்க காதை நாங்க பாத்துக்கிடுவோம், மதாம்மா. காதை வச்சு ஆரும் நடக்கது இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். கூடவே அக்காவும் நானும் போனோம். வழியெல்லாம் அம்மை வெள்ளைக்காரியைத் திட்டிக்கொண்டே வந்தாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அம்மையைக் கேள்வி கேட்க ஊரில் ஒரு ஆள் வந்துவிட்டதே என்று.

எங்கள் ஊர் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே. உதியன்குளங்கரையில் பஸ் இறங்கி, வயல் வரம்பு வழியே உள்ளே நடக்க வேண்டும். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், ஆலயத்தில் தமிழ், சந்தையில் வாய்க்கு வந்தது. அதுவரை யாரும் அதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை. மலையாளச் சீமையில் இருந்த எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு கட்சியும், கூடாது என்று ஒரு கட்சியும் கிளம்பிய பிறகு, வாயைத் திறக்கிறவன் எந்தக் கட்சி என்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. சுவரில் கரியால் எழுதினார்கள். மறுநாள் சுண்ணாம்பு அடித்தார்கள். போலீஸ் வண்டி வந்தால் ஆண்கள் மரச்சீனிக்கிழங்குத் தோட்டத்துக்குள் ஓடினார்கள். எங்கள் அப்பன் அம்பூரியில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்ததால் ஓட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள் மட்டும்தான்.

காது வளர்ப்பது எங்கள் பக்கத்தில் என்ன காரியம் என்பதை இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறார்கள். பிறந்த கொஞ்ச நாளிலேயே குறத்தியை அழைத்துக் காதைக் கத்தியால் கீறுவார்கள். துளையில் பஞ்சைத் திணிப்பார்கள். புண் ஆறிவரும்போது கூடுதல் பஞ்சு, பிறகு ஓலைச்சுருள். சுருள் விரிய விரியத் துளையும் விரியும். அதன்பிறகு குணுக்கு என்கிற ஈயவளையம். ஒன்று, அது போதாதென்று இன்னொன்று. காது தோளைத் தொடுகிறவரை கனம் ஏற்றிக்கொண்டே போவார்கள். தூக்கத்தில் பிள்ளை இழுத்துவிடும் என்று கையைக் கட்டிப் போடுவதும் உண்டு. மிஷன்காரர்கள் கூடாது கூடாது என்று பல காலமாகச் சொல்லி, படித்த குடும்பங்களில் அது நின்றே போயிருந்தது. எங்கள் அம்மை யார் சொல்லியும் கேட்கிறவள் இல்லை. அக்காவின் காதை அவள் வளர்த்தது, வேறு பெண்கள் முல்லைப்பந்தல் வளர்ப்பதைப்போல. தினமும் எண்ணெய் போட்டு நீவுவாள். ஊரில் கடைசியாக வடித்த காது அக்காவுடையதுதான்.

எனக்கும் கீறினார்கள். எனக்குப் பழுத்துவிட்டது. காய்ச்சலில் கண் சொருகிப்போய், அப்பன் போட்ட சண்டையில் அம்மை பஞ்சை எடுத்துவிட்டாளாம். அதனால் என் காது மட்டும் ஒழுங்காக இருக்கிறது. சின்ன வயதில் அது எனக்குப் பெரிய அவமானம். "மொட்டைக்காதி" என்றுதான் அம்மை கூப்பிடுவாள். விருந்தாளி வந்தால் அக்காவை முன்னால் நிறுத்துவாள், என்னை அடுப்படிக்கு அனுப்புவாள். நான் கறுவிக்கொண்டு கிடந்தேன். காது வளர்க்காத புண்ணியத்தால் நான் தப்பித்தேன் என்று புரிய வெகுநாள் ஆயிற்று.

அந்தக் கூட்டம் நடந்து ஒரு வருஷத்துக்குள் அக்காவுக்கு ஒற்றசேகரமங்கலத்திலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அக்காவை ஒரு கல்யாண வீட்டில் பார்த்திருக்கிறார், பிடித்திருக்கிறது. எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா சொன்னாள்: "காதை மட்டும் வெட்டித் தச்சிருங்க. அவனுக்க கூட்டுக்காரங்க எல்லாம் படிச்சவங்களாக்கும். கோவில்ல ஓலை வாசிக்குதுக்கு முன்னே தச்சாச்சுன்னா நல்லது."

ஓலை வாசிப்பது என்றால் ஆலயத்தில் கல்யாண அறிவிப்பு. அதற்கு முன்னால் அக்கா வேறு காதோடு வர வேண்டும். அம்மைக்கு முகம் செத்துப்போயிற்று. அவள் எதற்காக அத்தனை வருஷம் எண்ணெய் நீவினாளோ, அதே கல்யாணம் வந்து அதை வெட்டச் சொல்கிறது. ஆனாலும் மறுக்கவில்லை. மறுத்தால் பெண் வீட்டில் இருந்துவிடும். "தைக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ராத்திரி பாயில் கிடக்கும்போது நான் கேட்டேன். "உனக்கு வெட்ட இஷ்டமா அக்கா?"

"வளத்தப்பளும் எங்கிட்ட கேக்கல்ல, வெட்டப்பளும் கேக்கல்ல. நீ எதுக்கு கேக்க? கிடந்து ஒறங்கு" என்றாள்.

தெற்கே மிஷன் ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். அம்மை திட்டிய அதே டாக்டரம்மாதான் வெட்டித் தைக்கிறவர். அவர் பழசை நினைவில் வைத்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மேசைமேல் அக்காவை உட்காரவைத்து, தொங்கிய காதை விரலால் தூக்கிப் பார்த்து, அம்மையிடம் விளக்கினார்: இவ்வளவையும் வெட்டி எடுத்துவிட்டு, மீதியின் ஓரத்தைச் சீவி ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தால் சாதாரணக் காதாகிவிடும். புண் ஆறும்வரை அசையக் கூடாது, அழுக்குப் படக் கூடாது. அம்மை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நான் வெளியே நின்றேன். அக்கா கத்தவில்லை. முடிந்து வரும்போது தலையைச் சுற்றி, தாடைக்கு அடியில் கொடுத்து, வெள்ளைக் கட்டு. முகம் மட்டும் தெரிந்தது. கட்டுக்குள்ளிருந்து அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். "தலை கனமே இல்ல பிள்ளே. காத்துல பறந்துருவேன் போல இருக்கு" என்றாள்.

அம்மை அப்போது பின்பக்கம் போய், ஆஸ்பத்திரி கூட்டுகிறவளிடம் ரகசியமாக ஏதோ பேசுவதையும், ஒரு சின்னப் பொட்டலத்தை வாங்கி மடியில் முடிந்துகொள்வதையும் பார்த்தேன். மருந்து என்று நினைத்தேன்.

தையல் பிரிக்கிறவரை அங்கேயே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்குள் சுற்றுவட்டாரத்தில் போராட்டம் முற்றிவிட்டது. ஊர்வலம், தடியடி, துப்பாக்கிச்சூடு. கட்டிலிலும் கதவுப் பலகையிலும் போட்டு ஆட்களைத் தூக்கிவந்தார்கள். வராந்தா முழுக்க ரத்தம். தலை உடைந்தவர்கள், கை ஒடிந்தவர்கள், குண்டு பட்டவர்கள். எங்கு பார்த்தாலும் தலையில் வெள்ளைக் கட்டு. அக்காவின் கட்டிலை ஒரு பையனுக்குக் கொடுத்தார்கள். அவன் அதில் செத்தும் போனான். டாக்டரம்மா எங்களிடம் வந்து, "படுக்கை இல்லை. வீட்டிற்குப் போங்கள். கட்டை ஒருவரும் அவிழ்க்கலாகாது. நானே வந்து அவிழ்ப்பேன்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினார். தூங்கி எத்தனை நாள் ஆயிற்றோ.

பஸ் ஓடத் தொடங்கிய அன்று காலையிலேயே ஏறினோம். களியிக்காவிளையில் ஒன்றும் இல்லை. பாறசாலையும் தாண்டிவிட்டோம். எங்கள் இடமான உதியன்குளங்கரையில், நாங்கள் இறங்க வேண்டிய இடத்திலேயே, போலீஸ் நின்றது. ஆண்களை இறக்கி வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இறங்கியதும் ஒருவன் அக்காவின் தலையைப் பார்த்தான். அந்த நாளில் தலையில் கட்டு இருந்தால் ஊர்வலத்தில் அடிபட்டவர் என்று அர்த்தம். பெண்களும் ஊர்வலம் போயிருந்தார்கள்.

"எவிடெ போயி தல்லு வாங்கி?" என்று கேட்டான். எங்கே போய் அடி வாங்கினாய் என்று.

நான்தான் பள்ளிக்கூட மலையாளத்தில் சொன்னேன். அடி இல்லை, காதில் ஆப்பரேஷன், மிஷன் ஆஸ்பத்திரியில் செய்தது. அவன் என் காதைப் பார்த்தான். ஒழுங்கான காது. அக்காவுக்கு மட்டும் என்ன ஆப்பரேஷன் என்று கேட்டான். காது வடித்தது, வெட்டித் தைத்தது என்று சொன்னேன். இந்தக் காலத்தில், இந்த வயதில் காது வடித்த பெண்ணா? அவன் நம்பவில்லை. அவனைச் சொல்லி என்ன? ஊரிலேயே கடைசிக் காது அதுதானே.

அப்போது மேலதிகாரி ஒருவன் அம்மையைக் கவனித்தான். அம்மை இரண்டு கையாலும் மடியைப் பொத்திப் பிடித்திருந்தாள். மடியில் என்ன என்று கேட்டான். "ஒண்ணும் இல்ல" என்றாள். அவிழ் என்றான். அம்மை அப்படியே ரோட்டில் உட்கார்ந்து முழங்காலோடு மடியைக் கட்டிக்கொண்டாள். "ஒண்ணும் இல்ல சாமி, ஒண்ணும் இல்ல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒளிக்கிறாள் என்று சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். கிழவியின் மடியில் கைபோட அவர்களுக்கே ஒரு கூச்சம் இருந்திருக்கும். அதிகாரி அக்காவின் பக்கம் கையைக் காட்டினான்.

"அழிச்சு நோக்கெடா" என்றான். அவிழ்த்துப் பார் என்று.

நான் குறுக்கே போனேன். ஒருவன் என் தோளைப் பிடித்து நகர்த்தினான். மற்றவன் அக்காவின் தாடைக்கு அடியிலிருந்த முடிச்சைப் பிடித்தான். வலது பக்கம் சுற்றுத்துணி வழுக்கிக்கொண்டு வந்தது. இடது பக்கம் ரத்தமும் மருந்தும் உலர்ந்து துணி காதோடு ஒட்டியிருந்தது. அவன் இழுத்தான். வரவில்லை. ஏதோ பழைய சாக்கைக் கிழிப்பதுபோல ஓங்கி இழுத்தான். தையலோடு வந்துவிட்டது.

ஆப்பரேஷன் மேசையில் கத்தாத அக்கா அப்போது கத்தினாள். பிற்பாடு நர்ஸாகி, இத்தனை வருஷத்தில் பிரசவ வார்டிலும் தீக்காய வார்டிலும் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். அந்தச் சத்தம் வேறு.

போலீஸ்காரன் பார்த்தான். மண்டையில் காயம் ஒன்றும் இல்லை. காதுதான். கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தான். "பொய்க்கோ" என்றான். போய்க்கொள்ளுங்கள், அவ்வளவுதான். அம்மை ரோட்டில் உட்கார்ந்தபடியே இருந்தாள். நான்தான் என் தாவணியை உருவி அக்காவின் காதில் வைத்து அமுக்கினேன். வரம்பு முழுக்கச் சொட்டிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மை அடுப்படியில் மடியை அவிழ்த்தாள். பஞ்சுக்குள் சுருண்டு கிடந்தன, அக்காவின் காதிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகள். தொப்புள்கொடியைப் புதைப்பதுபோலத் தென்னைக்கு அடியில் புதைக்க எடுத்துவந்திருக்கிறாள். நான் கத்திவிட்டேன்.

"இதை வச்சிக்கிட்டா இருந்த? இதைக் காட்டியிருந்தா விட்டிருப்பானே! ஆப்பரேஷன்னு நான் தொண்டை கிழியச் சொல்லிக்கிட்டு நிக்கேன், நீ சாட்சிய மடியில மூடி வச்சிக்கிட்டு இருக்கியா?"

"நடுரோட்டுல, அத்தனை ஆம்பிளையளுக்க முன்னே, எனக்க மோளுக்க மாம்சத்த எடுத்துக் காட்டச் சொல்லுதியா?" என்று அம்மை கேட்டாள். "மானக்குறைச்சல் இல்லியா அது? நாளைக்கு கெட்டிக் குடுக்க வேண்டிய பெண்ணாக்கும்."

அவள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது. அக்கா சுவரோடு சாய்ந்து, என் தாவணியைக் காதில் அழுத்திக்கொண்டு, இதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் பஸ் நின்றுவிட்டது. அம்மை போட்ட பச்சிலைக்குக் காது அடங்கவில்லை. வீங்கி, கழுத்துவரை சிவந்து, நாற்றம் வந்தது. அப்பன் அம்பூரியிலிருந்து மலைப்பாதை வழியே நடந்து வந்து, ஒரு மாட்டுவண்டி பிடித்து, ஊடுவழியாக எங்களை ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தார். டாக்டரம்மா பார்த்துவிட்டு உடனே உள்ளே கொண்டுபோனார். இடது காதின் கீழ்ப்பாகம் முழுவதையும் எடுத்துவிட்டார்கள். வலது காது தையல் பிரித்தபோது அழகாகச் சேர்ந்திருந்தது. கண்ணாடியில் பார்த்தால் ஒரு பக்கத்தில் வாத்தியார் கேட்ட காது. மறுபக்கத்தில் காதின் மேல்பாதி மட்டும்.

அக்காவுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் டாக்டரம்மா தானாகவே பேச ஆரம்பித்தார். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று ஆலயத்தில் சொல்லாத பாதியைச் சொன்னார். சீனத்தில் படித்த வாலிபர்கள் சங்கம் வைத்து, கால் கட்டிய பெண்ணைக் கட்டமாட்டோம் என்று சத்தியம் செய்தார்களாம். தாய்மார்கள் எந்தக் கல்யாணத்துக்காகக் கட்டினார்களோ, அந்தக் கல்யாணமே கட்டிய காலை வேண்டாம் என்றது. பிறகு சர்க்கார் சட்டம் போட்டது. வீடுவீடாக ஆட்கள் போய்ப் பெண்களின் காலைப் பரிசோதித்தார்கள். கட்டு இருந்தால் அபராதம். சில ஊர்களில் தெருவிலேயே உட்காரவைத்து அவிழ்த்தார்கள். அவிழ்த்த துணியைக் கொடிபோல வாசலில் தொங்கவிட்டார்கள். சின்னப்பிள்ளைகளுக்கு அது நல்லதாயிற்று. எலும்பு வளைந்து முற்றிய பெண்களுக்குக் கட்டு இல்லாமல் நிற்கவே முடியாது. இத்தனை வருஷம் அந்தத் துணிதான் பாதத்தைத் தாங்கியிருக்கிறது. பழைய ஆட்கள் கட்டாத காலைப் பார்த்துச் சிரித்தார்கள் என்றால், புது ஆட்கள் கட்டிய காலைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரே பெண்தான் இரண்டு தடவையும் தலைகுனிந்தவள்.

"நானும் அவர்களோடு போனேன்" என்றார். "வாலிப வயது. நன்மை செய்கிறேன் என்று எண்ணினேன். பேரப்பிள்ளை கண்ட ஒரு தாயின் கட்டை இந்தக் கையால் அவிழ்த்தேன். அவள் என் காலைப் பிடித்து அழுதாள். நான் காட்டினேனே, அந்தப் பாதரட்சை அவளுடையது." கட்டின் முனையை முடிச்சுப் போட்டார். பிறகு, "உன் தமக்கையிடமும் நான் கேட்கவில்லை. உன் தாயிடம்தான் கேட்டேன்" என்றார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். டாக்டரம்மாவின்மேல் எனக்குக் கோபம் வந்தது. இப்போது சொல்லி யாருக்கு என்ன? ஆனால் பிற்பாடு அந்த ஆஸ்பத்திரியிலேயே நான் நர்ஸ் வேலைக்குப் படித்து, முழு உத்தியோக காலமும் கட்டுப் போடுவதும் அவிழ்ப்பதுமாகக் கழித்தேன். கட்டில் கைவைக்கும் முன்னால், மயக்கத்தில் கிடக்கிற நோயாளியிடம்கூட "அவிழ்க்கட்டுமா" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவேன். கூட வேலை செய்தவர்கள் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள்.

அக்கா அங்கே கிடக்கும்போதே மாப்பிள்ளையின் அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கூட ஒரு உறவுக்காரி. நலம் விசாரித்தார்கள், போலீஸைச் சபித்தார்கள், பழம் கொடுத்தார்கள். பார்வை முழுக்கக் கட்டின்மேலேயே இருந்தது. கடைசியில் அவள் கட்டிலருகே வந்து, "ஒண்ணு பாத்துக்கிடட்டா மக்கா, எங்ஙனே இருக்குன்னு" என்று கட்டின் ஓரத்தில் விரலை வைத்தாள். அம்மை தடுக்கவில்லை. தடுக்க அவளுக்கு என்ன வாய் இருந்தது?

அக்கா அந்தக் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே வைத்தாள். "நீங்க அவுக்கண்டாம். நானே அவுக்கியேன்" என்றாள். எழுந்து உட்கார்ந்து, முடிச்சைத் தேடி எடுத்து, அவசரப்படாமல் சுற்றுச் சுற்றாக அவிழ்த்து மடியில் வைத்தாள். பிறகு இடது பக்கத்தை அவர்களுக்கு நேராகத் திருப்பிக் காட்டினாள். அந்த உறவுக்காரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"பாத்தாச்சில்லியா? அப்பம் போயிட்டு வாருங்க" என்றாள் அக்கா.

வாத்தியார் வரவே இல்லை. ஓலையும் வாசிக்கவில்லை.

அவர்கள் போனபின் அம்மை எண்ணெயும் சீப்பும் எடுத்துக்கொண்டு கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். கலைந்த முடியைச் சீவிவிட நினைத்திருப்பாள். கை தலைக்குப் பக்கத்தில் வந்ததும் அக்கா விலகிக்கொண்டாள். "நீ தொடண்டாம்" என்றாள். சத்தம் போடவில்லை. அம்மை சீப்பை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அப்போது அம்மையின்மேல் இரக்கம் வரவில்லை. நன்றாக வேண்டும் என்றே இருந்தது.

அன்று சொன்னது சொன்னதுதான். எல்லை பிரித்தார்கள். நாங்கள் இந்த மலையாளப் பக்கம், ஆஸ்பத்திரி அந்தத் தமிழ்நாட்டுப் பக்கம். அப்பன் போனார். நான் கல்யாணமாகிப் போனேன். அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அந்த வீட்டிலேயே இருந்தாள். அம்மைக்குச் சமைத்தாள், துணி துவைத்தாள், காய்ச்சலில் கால் பிடித்துவிட்டாள். தன் தலையில் கைவைக்க மட்டும் அவளை விடவில்லை. பேன் பார்க்கக்கூட விடவில்லை. அம்மை ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை. எண்ணெய்ப் பாத்திரத்தை அக்காவின் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

கடைசிக் காலத்தில் அம்மைக்குக் கண்ணில் புரை விழுந்து, நினைவும் பிசகிவிட்டது. நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். மத்தியானம், அக்கா கட்டிலருகே உட்கார்ந்து அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். முந்தானை தோளில் கிடந்தது. அம்மையின் வலது கை மெல்ல எழுந்து, துழாவிக்கொண்டே அக்காவின் முகத்தை நோக்கி வந்தது. நேராக இடது காதுக்கு.

நான் வாசலில் நின்றேன். விலகிவிடுவாள் என்று நினைத்தேன். அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முகத்தை முழுக்கத் திருப்பி, சேர்ந்த காதை, வலது காதை, அந்தக் கையில் கொண்டுபோய் வைத்தாள்.

அம்மையின் விரல்கள் காதுமடலை நீவிப் பார்த்தன. எண்ணெய் போட்டு நீவுகிற அதே விரல்கள். வெகுநேரம் நீவினாள்.

"நல்லா சேந்துட்டு மக்கா" என்றாள். "தழும்புகூட இல்ல. மத்ததும் இதுபோலத்தானே?"

"அதும் இதுபோலத்தான், அம்மை" என்றாள் அக்கா.